கார் ப்ளோயர் ஓடவில்லையா? மோட்டாருக்குக் காசு எடுத்து வைக்கும் முன்

சித்திரை வெயில், மதியம் இரண்டு மணி. ஏசி காற்றை உள்ளே தள்ளும் ஃபேன்தான் ப்ளோயர்; அதன் ஸ்விட்சைத் திருப்புகிறீர்கள். ஒன்று, இரண்டு, மூன்று எதிலும் காற்று இல்லை. நாலில் வைத்ததும் புயல் மாதிரி அடிக்கிறது. இந்த நிலையில் கடைக்குப் போய் “ப்ளோயர் போச்சு” என்று மட்டும் சொன்னால், புது மோட்டாருக்கு விலை சொல்லிவிடுவார்கள். நாலில் ஓடுகிற மோட்டார் எப்படிப் போயிருக்கும்?

எந்த நம்பரில் ஓடுகிறது, எதில் ஓடவில்லை என்று பார்க்காமல் போவதுதான் இதில் முதல் தவறு. கையால் திருப்பும் ஏசி உள்ள கார்களில் பொதுவாக மோட்டாருக்குப் போகும் கரண்ட் ஒரு ரெசிஸ்டர் வழியாகப் போகும். கம்பிச் சுருள் உள்ள சின்னப் பொருள்தான். ஒன்றாம் நம்பரில் கரண்ட் எல்லாச் சுருளையும் கடந்து வருவதால் மெதுவாக ஓடும். நம்பர் கூடக் கூட சுருள் குறையும். நாலில் ரெசிஸ்டருக்கே வேலை இல்லை, கரண்ட் நேராக மோட்டாருக்குப் போய்விடும். ஆக, நாலில் மட்டும் ஓடினால் முதலில் ரெசிஸ்டரையும் அதன் கப்ளரையும் (ஒயரைச் செருகும் பிளாஸ்டிக் இணைப்பு) பாருங்கள். மூன்று வரை ஓடி நாலில் நின்றால் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) அல்லது கையால் திருப்பும் ஸ்விட்ச். எதிலுமே இல்லையென்றால் ஃப்யூஸ், ரிலே, எர்த் (வண்டியின் உடலோடு சேரும் ஒயர்), கடைசியாகத்தான் மோட்டார்.

அடுத்த தவறு, கேஸ் போடுவது. “ஏசி வரலை” என்று சொன்னதும் பல இடங்களில் கை முதலில் கேஸ் சிலிண்டருக்குத்தான் போகும். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றும் பொருள் அது, கசிந்தால்தான் குறையும். கேஸ் குறைந்தால் காற்று நன்றாக வரும், ஆனால் குளிர்ச்சி இருக்காது. காற்றே வராததற்கும் கேஸுக்கும் சம்பந்தம் இல்லை. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. எஞ்சினைச் சுற்றி வரும் சுடுநீரின் சூட்டைத்தான் ஹீட்டர் எடுத்துக்கொள்கிறது. அந்தச் சூட்டை உள்ளே தள்ளுவதும் இதே ப்ளோயர்தான். ஹீட்டர் காற்றும் ஏசி காற்றும் ஒரே நாளில் நின்றால், இரண்டுக்கும் பொதுவான ப்ளோயரைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

காற்று நன்றாக வந்தும் சிக்னலில் நின்றால் சூடு, வண்டி நகர்ந்தால் குளிர்ச்சி என்றால் அது வேறு ஃபேன். முன்னால், ஏசியின் சூட்டை வெளியே விடும் கண்டென்சருக்குக் காற்று இழுக்கும் ஃபேனைப் பாருங்கள். இந்த இரண்டு ஃபேனையும் குழப்பிக்கொண்டு பணம் கட்டியவர்கள் நிறைய பேர்.

நம்மை ஏமாற்றும் இன்னொரு அறிகுறியும் உண்டு. ஒரு மணி நேரம் நன்றாக ஓடும், பிறகு காற்று மெல்ல மெல்லக் குறையும். ப்ளோயர் சத்தம் மட்டும் அப்படியே இருக்கும். ஓரமாக நிறுத்தி ஏசியை அணைத்துவிட்டு டீ குடித்து வந்தால் திரும்பவும் காற்று வரும், காருக்கு அடியில் வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் சொட்டியிருக்கும். மோட்டார் பழுது இல்லை இது. கூலிங் காயிலில் பனிக்கட்டி கட்டி வழியை அடைத்துவிட்டது. உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்பதில் ஆரம்பித்துத் தேடுங்கள்.

ஃபில்டர் என்றதும் நினைவுக்கு வருகிறது. “அதைக் கழற்றிப் போட்டுட்டு ஓட்டுங்க சார், காத்து நல்லா வரும்” என்று ஒரு யோசனை சொல்வார்கள். வரும்தான். வேப்பமர நிழலில் நிறுத்துகிற பழக்கம் இருந்தால், சருகும் சேர்ந்து வரும். அது ஃபேன் சக்கரத்தில் சிக்கி டக் டக் என்று அடிக்க ஆரம்பித்த பிறகு, எலி கூடு கட்டிவிட்டதோ என்று பயப்படுவீர்கள். (எலி கட்டுவதும் உண்டு. அதற்கு வாசனையே சாட்சி.)

இனி என் கதை. பழைய ஹேட்ச்பேக் ஒன்று வைத்திருந்தேன். நாலு மாதத்தில் இரண்டு ரெசிஸ்டர் போனது. ரெசிஸ்டர் மலிவு என்பதால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்றாவதை வாங்குவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை குளோவ் பாக்ஸைக் கழற்றிவிட்டு, முட்டி போட்டு உள்ளே பார்த்தேன். கப்ளரின் வெள்ளை பிளாஸ்டிக் ஒரு பின்னைச் சுற்றி மட்டும் அடிப்பிடித்த பால் மாதிரிப் பழுப்பேறியிருந்தது. மூன்று ஸ்க்ரூவை எடுத்து மோட்டாரை வெளியே இறக்கிச் சக்கரத்தை விரலால் சுண்டினேன். நல்ல மோட்டார் சுண்டினால் சில சுற்றாவது தானாக ஓடும். என்னுடையது அரைச் சுற்றில் நின்றது. மோட்டார் தண்டைத் தாங்கும் புஷ் காய்ந்து இறுகியிருந்ததால் மோட்டார் தேவைக்கு மேல் கரண்ட் இழுத்திருக்கிறது. அந்தச் சூடு முழுவதையும் தாங்கியது பாவம் ரெசிஸ்டர். அது காற்று வரும் வழியிலேயே பொருத்தப்பட்டிருப்பது சும்மா இல்லை, அந்தக் காற்றில்தான் அது ஆறுகிறது. என் ஃபில்டரோ தூசியில் கம்பளியாகியிருந்தது. மோட்டார், ரெசிஸ்டர், கப்ளர், ஃபில்டர் நாலையும் ஒன்றாக மாற்றிய பிறகு அந்த வண்டியை விற்கும் வரை தொந்தரவு இல்லை. கருகிய கப்ளரில் புது ரெசிஸ்டரைச் செருகினால் லூஸ் தொடர்பு அப்படியே இருக்கும், மறுபடியும் சூடாகும்.

ஃப்யூஸ் விஷயத்தில் நடப்பது வெறும் தவறு இல்லை, ஆபத்து. 20 ஆம்பியர் மஞ்சள் ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்று 30 ஆம்பியர் பச்சையைச் செருகுவது, அதைவிட மோசமாக ஒயர் துண்டை வைத்து முறுக்குவது. ஃப்யூஸ் காப்பாற்றுவது மோட்டாரை அல்ல, ஒயரை. பெரியது போட்டால் அடுத்து உருகுவது டேஷ்போர்டுக்குப் பின்னால் ஓடும் ஒயர்தான்.

மீட்டர் வைத்திருப்பவர்களும் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. மோட்டார் கப்ளரைக் கழற்றிவிட்டு அளந்தால் 12 வோல்ட் காட்டும். “கரண்ட் வருது, மோட்டார்தான் போச்சு” என்று தீர்ப்பு எழுதிவிடுவோம். ஒரே ஒரு இழையில் தொங்கும் ஒயர்கூட லோடு இல்லாதபோது 12 காட்டும். கப்ளரை மாட்டி, ஸ்விட்சை நாலில் வைத்து, பின்பக்கமாக மோட்டாரின் இரண்டு முனைகளையும் தொட்டு அளக்க வேண்டும். அப்போது 6, 7 என்று இறங்கினால் குற்றவாளி வழியில் எங்கோ இருக்கிறது, பெரும்பாலும் துருப்பிடித்த எர்த். முழு வோல்ட்டும் வந்து மோட்டார் அசையவில்லை என்றால் மட்டும் மோட்டாரைக் குறை சொல்லலாம்.

மோட்டாரைத் தட்டினால் ஓடுகிறதா? மோட்டாரின் சுழலும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். கண்டுபிடிக்கத் தட்டலாம், தட்டித் தட்டியே காலம் ஓட்டினால் மலைப்பாதை மழையில் கண்ணாடி பனிமூடும் இரவில் நின்றுபோகும். கப்ளர்களைக் கழற்றும் முன் பேட்டரியின் நெகட்டிவை எடுத்துவிடுங்கள், பக்கத்தில் ஏர்பேக் ஒயரும் ஓடுகிறது.

டெம்பரேச்சர் எண் வைக்கும் ஆட்டோமேட்டிக் ஏசியில் இந்த ரெசிஸ்டர் கணக்கு பெரும்பாலும் செல்லாது. அங்கே டிரான்சிஸ்டர் வைத்த எலக்ட்ரானிக் மாட்யூல் வேகத்தை மாற்றுகிறது. அது ஷார்ட் ஆனால் ஸ்விட்ச் சொல்வதைக் கேட்காமல் ஃபேன் முழு வேகத்தில் ஓடும், சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் நிற்காது. அப்படி ஓடினால் அன்று இரவு ப்ளோயர் ஃப்யூஸைப் பிடுங்கி வைத்துவிட்டுப் படுங்கள். இல்லையென்றால் பேட்டரி இறங்கி, காலையில் ஸ்டார்ட் ஆகாது.