'வேக்' என்ற சொல்லை எங்கே, எப்படிப் போடுவது?

ஆங்கிலத்தில் வி, ஏ, ஜி, யூ, இ என்று ஐந்து எழுத்தில் ஒரு பெயரடை உண்டு. அகராதியைப் பிரித்தால் 'தெளிவற்ற' என்று போட்டிருக்கும். அதை மட்டும் மனப்பாடம் செய்தால் அரைக்கிணறு தாண்டிய கதைதான்.

படி 1: உச்சரிப்பு. 'வேகு' இல்லை, 'வாக்யூ'வும் இல்லை. 'வேகம்' என்று சொல்லத் தொடங்கி, 'அம்' வருவதற்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். ஏறக்குறைய சரியாக வரும். கடைசி இரண்டு எழுத்துக்கும் ஒலி கிடையாது. லீக், டயலாக் இரண்டிலும் இதே கதைதான்.

படி 2: வேர். லத்தீனில் இதன் மூலச்சொல்லுக்கு 'அலைந்து திரிகிற' என்று பொருள். மூளையில் கிளம்பி கழுத்து, மார்பு வழியாக வயிறு வரை சுற்றும் வேகஸ் நரம்புக்கு அந்தப் பெயர் வந்ததும் அதனால்தான்.

படி 3: பொருத்துவது. இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும். கடன் வாங்கியவரிடம் "எப்ப தருவீங்க?" என்று கேட்கிறீர்கள். "பார்க்கலாம் அண்ணே, கைக்கு வந்ததும் கொடுத்துடறேன்" என்கிறார். எப்போது வரும், எவ்வளவு வரும்? ஒன்றும் இல்லை. இதுதான் 'வேக் ஆன்சர்', நம் மழுப்பலான பதில். ஆளையே அப்படிச் சொல்லலாம்: 'ஹீ வாஸ் வேக் அபவுட் த டேட்'. தேதி விஷயத்தில் பிடி கொடுக்காமல் பேசினார். 'வேக் மெமரி' மங்கலான நினைவு. 'ஐ ஹேவ் எ வேக் ஐடியா' என்றால் அரைகுறையாகத் தெரியும். 'வேக்லி ஃபெமிலியர்' என்றால் எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறது. பாருங்கள், 'தெளிவற்ற' ஒரு இடத்திலும் தேவைப்படவில்லை.

படி 4: குழப்பிக்கொள்ளாமல் இருப்பது. கோயிலுக்குப் போய் வந்தவர் "வேலை பார்த்தேன்" என்கிறார். உத்தியோகமா, முருகன் கை வேலா? இரண்டு பொருளும் தனித்தனியே தெளிவுதான், எது என்பதுதான் சிக்கல். இதற்குச் சொல் 'ஆம்பிகுவஸ்'. எழுத்தில் 'வேலைப்' என்று ஒரு 'ப்' போட்டால் தீர்ந்தது. பேச்சில் கேட்பவர் பாடு! 'வேக்' வேறு ரகம், அதில் ஒரு பொருளும் உருப்படியாகக் கையில் சிக்காது.

அப்புறம், கை ஆடி எடுத்த போட்டோ 'வேக்' இல்லை, 'ப்ளரி'. நானும் ரொம்ப நாள் தப்பாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

படி 5: ஒப்பிடும் வடிவங்கள். வேகர், வேகஸ்ட். இரண்டாவது பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில்தான் காதில் விழும்: 'ஐ ஹேவென்ட் த வேகஸ்ட் ஐடியா'. அரைகுறையாகக்கூட இல்லை, சுத்தமாகத் தெரியாது.