நல்ல பாக்டீரியாதானே என்று காப்ஸ்யூல் விழுங்கலாமா?

குடல் பாக்டீரியா கேன்சர் சிகிச்சையின் பலனை மாற்றும் என்று செய்தி வந்தாலும் வந்தது, நம் ஆட்கள் மருந்துக்கடையில் புரோபயாடிக் என்ற ‘நல்ல பாக்டீரியா’ காப்ஸ்யூலைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். செய்தி பொய்யில்லை. அதைக் கேட்டு நாம் செய்யும் காரியம்தான் தப்பு.

ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையின் ஆய்வையே பாருங்கள். 2021-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்த 128 பேரின் சாப்பாட்டைக் கணக்கெடுத்தார்கள். நாளுக்கு 20 கிராமாவது நார்ச்சத்து சாப்பிட்டவர்களுக்கு நோய் கட்டுக்குள் இருந்த காலம் அதிகம். நார்ச்சத்து எடுத்துக்கொண்டு, புரோபயாடிக் பக்கமே போகாதவர்கள் இன்னும் நன்றாக இருந்தார்கள். எலிகளுக்குக் கடைப் புரோபயாடிக்கைக் கொடுத்து, உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் கொண்டே கேன்சரைத் தாக்கும் இம்யூனோதெரபி சிகிச்சை செய்தபோது, மருந்து சரியாக எடுபடவில்லை. கட்டி பெரிதாகவே வளர்ந்தது. சரி, மனிதர்களிடம் இது உணவுக் கணக்கை வைத்துப் பார்த்ததுதான், முடிந்த முடிவு இல்லை. ஆனாலும் ‘நல்லது செய்யாவிட்டாலும் கெடுதல் செய்யாது’ என்று காப்ஸ்யூலை நீட்டுவதற்கு இனி இடமில்லை. கீமோவில் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும்போது, காப்ஸ்யூலில் உயிரோடு இருக்கும் கிருமியே ரத்தத்தில் கலந்து தொற்றாகிவிடலாம்.

20 கிராம் மலைப்பான கணக்கு இல்லை. ஒரு கப் வேகவைத்த கொண்டைக்கடலையிலேயே ஏறக்குறைய 12 கிராம் இருக்கிறது, நூறு கிராம் கொய்யாவில் 5 கிராம். ஆனால் குடலில் ஆபரேஷன் ஆனவர்கள், அடைப்பு உள்ளவர்கள், வயிற்றுப்போக்கில் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் கூட்டக்கூடாது.

அடுத்தது இதைவிட ஆபத்து. இம்யூனோதெரபி தொடங்கும் சமயத்தில் ஆன்டிபயாட்டிக் எடுத்தவர்களுக்குப் பலன் குறைந்ததாகப் பாரிஸ் அருகே உள்ள குஸ்தாவ் ரூசி புற்றுநோய் மையத்தினர் 2018-இல் எழுதினார்கள். அதைப் படித்துவிட்டு, கீமோ நடுவில் காய்ச்சல் வந்தும் ஆன்டிபயாட்டிக் வேண்டாம் என்று நிற்பவர் உயிரோடு விளையாடுகிறார். 100.4 டிகிரி தொட்டுவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். சாதாரண சளிக்கு நாமாகவே வாங்கிப் போட்டுக்கொள்கிறோமே, நிறுத்த வேண்டியது அதைத்தான்.

என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்பதை மறைப்பதும் பெரிய தவறு. 1993-இல் ஜப்பானில் அக்கிக்கு சொரிவுடின் என்ற மருந்து விற்பனைக்கு வந்தது. குடல் பாக்டீரியா அதை வேறொரு பொருளாக மாற்றிவிடும். அந்தப் பொருள், 5-எஃப்யூ வகைக் கேன்சர் மருந்து உடலில் சிதைவதைத் தடுத்துவிடும். மருந்து உடம்பிலேயே தேங்கி விஷமாகி, இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்ட பலர் இறந்துபோனார்கள். இரினோடெகான் என்ற கீமோ மருந்து எடுப்பவர்களைப் படுத்தும் வயிற்றுப்போக்கிலும் இந்தப் பாக்டீரியாக்களுக்குப் பங்குண்டு. மருந்தின் வீரியத்தை அடக்கிக் கல்லீரல் அனுப்பி வைத்ததை, குடலில் அவற்றின் நொதி மறுபடி உசுப்பிவிடுகிறது.

இதெல்லாம் படித்துவிட்டு எல்லாக் கிருமியும் நமக்கு வேண்டியதுதான் என்று நினைத்துவிடாதீர்கள். இரைப்பையில் குடியிருக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-லேயே அறிவித்துவிட்டது. அதற்கு டாக்டர் எழுதிக் கொடுக்கும் மாத்திரைகளை, எரிச்சல் அடங்கியதும் பாதியில் விடுகிறவர்கள் நிறையப் பேர். முழுவதும் சாப்பிட்டு, நாலு வாரமாவது கழித்து மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்தால்தான் கிருமி போய்விட்டதா என்பது தெரியும்.