பெரு பயணம்: உயரத்தை மறந்து போடும் திட்டங்கள்

பெருவுக்குக் கிளம்புகிறவர்கள் போடும் திட்டம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது: முதல் நாள் லிமா, மறுநாள் விமானத்தில் குஸ்கோ, அதற்கு அடுத்த நாள் வானவில் மலை, பிறகு இன்கா பேரரசின் பழைய மலைநகரமான மச்சு பிச்சு. வரைபடத்தில் எல்லாம் பக்கம் பக்கமாகத் தெரியும். ஆனால் வரைபடம் தூரத்தைத்தான் காட்டுகிறது, உயரத்தை அல்ல.

லிமா கடலோர நகரம். குஸ்கோ இருப்பது சுமார் 3,400 மீட்டர் உயரத்தில். விமானம் ஒன்றே கால் மணி நேரத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும், உடம்புக்குப் பழக நாள் வேண்டும். தலைவலி, குமட்டல், படுத்தாலும் தூக்கம் வராமை. அங்குள்ளவர்கள் இதை ‘சொரோச்சே’ என்பார்கள். “தினமும் ஓடுகிறவன், எனக்கு ஒன்றும் ஆகாது” என்று சொல்பவர்களும் படுத்துவிடுவதுண்டு. மலைநோய்க்கு உடல்வலு ஒரு கணக்கே இல்லை. இந்த நிலையில் 5,000 மீட்டரைத் தாண்டும் வானவில் மலைக்கு இரண்டாம் நாளே ஏறுவது, சரியாகச் சொன்னால், காசு கொடுத்து வாந்தி எடுக்கப் போவது.

பலருக்குத் தெரியாத விஷயம், மச்சு பிச்சு குஸ்கோவைவிடக் கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் தாழ்வானது. அதன் உயரம் 2,430 மீட்டர்தான். அதனால் குஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதும் ஊருக்குள் தங்காமல், நேரே புனிதப் பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுங்கள். அந்தப் பள்ளத்தாக்கிலுள்ள ஓயந்தாய்தாம்போ என்ற ஊர் சுமார் 2,800 மீட்டர். மச்சு பிச்சுவுக்குப் போக ரயிலும் அங்கிருந்தே கிடைக்கும். அங்கே இரண்டு இரவு தூங்கி, மச்சு பிச்சுவைப் பார்த்துவிட்டு, கடைசியில் குஸ்கோவுக்கு ஏறினால் உடம்பு முரண்டு பிடிப்பது குறைவு. வானவில் மலையும், 3,800 மீட்டரில் இருக்கும் டிட்டிகாகா ஏரியும் அதற்கப்புறம். மாத்திரை வேண்டுமா என்பதை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் மலைநோய்க்கு அங்கே குடிக்கும் கோகா இலைத் தேநீரை நம்பிக் காத்திருக்கக் கூடாது, உடனே கீழே இறங்க வேண்டும்.

அடுத்தது டிக்கெட். மச்சு பிச்சுவுக்கு வாசலில் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். நாள், நேரம், நடக்கும் பாதை மூன்றும் டிக்கெட்டிலேயே குறித்திருக்கும். எல்லோரும் எடுக்கும் அந்தப் படம் மேல் படித்தளத்திலிருந்து கிடைப்பது. முதல் பாதையிலும் இரண்டாம் பாதையிலும் அந்தக் காட்சி உண்டு. மூன்றாவது பாதை கீழ்ப்பகுதியோடு நின்றுவிடும். முதல் பாதை நகரத்துக்குள் இறங்காது. ஆகவே படமும் வேண்டும், கற்சுவர்களுக்கு நடுவே நடக்கவும் வேண்டும் என்றால் இரண்டாவதுதான், அதுவே முதலில் விற்றுத் தீரும். டிக்கெட்டில் பதிந்த அதே பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். கழிப்பறை வாசலுக்கு வெளியேதான், உள்ளே கிடையாது.

மச்சு பிச்சுவுக்கு நான்கு நாள் நடந்தே போகும் இன்கா பாதைக்குச் சுமைதூக்கிகள், வழிகாட்டிகள் உட்பட ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி. பிப்ரவரியில் பராமரிப்புக்காக மூடிவிடுவார்கள்.

பருவமும் ஆளைக் குழப்பும். மே முதல் செப்டம்பர் வரை மலைப்பகுதியில் பகல் முழுக்க வெயில், இரவில் பல் கிட்டும் குளிர். அதே மாதங்களில் லிமாவின் வானம் சாம்பல் பூசியதுபோல் கிடக்கும். குளிர்ந்த கடல் நீரோட்டம் உண்டாக்கும் மூடுபனி அது. ‘கருவா’ என்று பெயர். கடற்கரை ஆசையில் ஜூலையில் லிமாவுக்கு மூன்று நாள் ஒதுக்குவது வீண். அதற்காக லிமாவை அப்படியே தாண்டிப் போகவும் வேண்டாம். சாப்பாட்டுக்காகவே ஒரு நாள் தங்கலாம். ஆனால் எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்த பச்சை மீனான செவிச்சேயை மதியத்திலேயே சாப்பிட்டுவிடுங்கள். நல்ல கடைகள் பல மாலைக்குள் சாத்திவிடும்.

சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ‘சின் கார்னே’, அதாவது இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் மாட்டிறைச்சியை மட்டும் விட்டுவிட்டுக் கோழியோடு வருவது அங்கே சாதாரணம். கோழி, மீன் என்று பெயர் சொல்லியே மறுக்க வேண்டும். காய்கறி சூப்பிலும் கோழிச்சாறு இருக்கும்.

திரும்பும்போது மாட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு. கோகா இலையையோ தேநீர்ப் பையையோ நினைவுப்பொருளாக எடுத்து வராதீர்கள். பெருவில் கடைக்குக் கடை விற்பது இந்தியாவில் போதைப்பொருள் சட்டத்தில் வரும். மஞ்சள் காய்ச்சல் பரவும் நாடுகளின் இந்தியப் பட்டியலில் பெருவும் இருக்கிறது. தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் வந்து இறங்கினால் ஆறு நாள் வரை தனிமையில் வைக்கலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே அந்தச் சான்றிதழ் செல்லுபடியாகும் என்பதால், கிளம்பும் வாரத்தில் போய் நிற்பதில் பயனில்லை.