முதியோர் இல்லத்து அறையைச் சுத்தம் செய்வது எப்படி? புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு

பினாயில் வாசனை மூக்கைத் துளைத்தால் அறை சுத்தமாகிவிட்டது என்று பல இல்லங்களில் இன்னும் நம்புகிறார்கள். எதை முதலில் துடைக்கிறீர்கள், எந்தத் துணியால் துடைக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம்.

1. கதவைத் தட்டுங்கள். "ஐயா, அறையைத் துடைக்கலாமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போங்கள். மூக்குக்கண்ணாடி, தண்ணீர்ச் செம்பு, ஊன்றுகோல் எங்கே இருந்தன என்று பார்த்துக்கொண்டு, வேலை முடிந்ததும் அங்கேயே வையுங்கள். கண் மங்கியவர் இரவில் எழுந்தால் அந்த இடத்தைத்தான் தடவுவார்.

2. கிருமிநாசினியை அன்றன்றைக்குக் கலக்குங்கள். 30 சதவீதக் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் என்றால் 10 லிட்டர் தண்ணீருக்கு சுமார் 33 கிராம். கையுறை போட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்து வைத்துக் கலக்கி, தெளிந்த நீரை மட்டும் எடுங்கள். நேற்றைய கரைசலில் வீரியம் குறைந்திருக்கும், கொட்டிவிடுங்கள். பிளீச்சிங்கோடு ஆசிட் சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். கழிப்பறைக்கு இரண்டையும் ஊற்றிப் 'பளிச்'சென்று ஆக்குவதாகச் சொல்பவர் எத்தனை அனுபவசாலியானாலும் கேட்காதீர்கள்.

3. மேலிருந்து கீழே, அழுக்கு குறைந்த இடத்திலிருந்து அதிகமான இடத்துக்கு. ஒட்டடை, மின்விசிறி, பிறகு கைபடும் இடங்கள்: சுவிட்ச், அழைப்பு மணி, கட்டில் கம்பி, தாழ்ப்பாள், வாக்கரின் பிடி. தரை பளபளக்கும், அழைப்பு மணிப் பொத்தானிலோ பிசுக்கு ஒட்டியிருக்கும். நான் பார்த்த பெரும்பாலான அறைகள் இப்படித்தான். சோப்புத் தண்ணீரால் அழுக்கை எடுத்த பிறகே கிருமிநாசினி பூசுங்கள். அழுக்கின் மேல் பூசினால் குளோரின் வீணாகும். பத்து நிமிடம் ஈரமாக இருக்கட்டும். இரும்புக் கம்பிகளைப் பின்னர் வெறும் தண்ணீரால் துடையுங்கள், இல்லாவிட்டால் துருப்பிடிக்கும். சுவிட்சுக்கு நன்றாகப் பிழிந்த துணி மட்டுமே.

துணியை நான்காக மடித்தால் எட்டுப் பக்கம் கிடைக்கும். ஒரு பக்கம் அழுக்கானால் திருப்புங்கள். ஒரு கட்டிலுக்குப் பயன்படுத்திய துணி அடுத்த கட்டிலுக்குப் போகக் கூடாது.

4. படுக்கை விரிப்பை உதறாமல் உள்பக்கமாகச் சுருட்டி எடுங்கள். ரெக்சின் உறையில் கீறல் இருந்தால் உடனே சொல்லுங்கள்; சிறுநீர் உள்ளே இறங்கிய மெத்தையை மீட்க முடியாது.

5. தாழ்வாரத்தைப் பாதிப் பாதியாகத் துடையுங்கள். ஒரு பாதி காய்ந்த பிறகே மறுபாதி, நடப்பதற்கு எப்போதும் உலர்ந்த வழி இருக்க வேண்டும். முதியவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் பலர் பழையபடி நடப்பதே இல்லை.

6. கழிப்பறை கடைசி. அதற்குத் தனி வாளி, தனி மாப், வேறு நிறத்தில். கைப்பிடிக் கம்பியை ஆட்டிப் பாருங்கள்; ஆடினால் அன்றே பிளம்பரையோ கொத்தனாரையோ அழைக்கச் சொல்லுங்கள்.

பொது அறையில் செய்ய வேண்டியதும் இதேதான். கூடுதலாக, பூச்சாடி, ஏர்கூலர், குளிர்சாதனப்பெட்டியின் பின்தட்டு ஆகியவற்றில் தேங்கும் நீரை வாரம் ஒரு முறையாவது கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். டெங்குக் கொசு பெரும்பாலும் தேங்கிய நல்ல தண்ணீரில் முட்டையிடும். வெறுமனே கொட்டினால் முட்டை பாத்திரத்தின் உட்சுவரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.