கணக்கை அழித்து மீண்டும் உருவாக்காதீர்கள்: அலுவலக மின்னஞ்சல் சர்வரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் சர்வரைத் தன் வளாகத்திலேயே வைத்து நடத்தும் ஓர் அலுவலகத்தில், ஒரு பயனருக்கு மட்டும் மின்னஞ்சல் சரியாக இயங்கவில்லை என்ற புகார் வரும்போது, மூலக் கோளாறைவிட அதைச் சரிசெய்யும் அவசரத்தில் மாற்றப்படும் அமைப்புகளே பெரிய சேதத்தை விளைவிக்கின்றன. கோளாறு சர்வரில் உள்ள பயனர் கணக்கில் இருக்கலாம். பயனரின் கணினியில் அவுட்லுக் என்ற அஞ்சல் செயலி சேமித்து வைத்திருக்கும் நகலில் இருக்கலாம். பழைய பாஸ்வேர்டை இன்னும் வைத்திருக்கும் வேறொரு கருவியிலும் இருக்கலாம். அதே பயனரின் அஞ்சல் பெட்டியை பிரவுசரில் திறந்து பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். அங்கே எல்லாம் ஒழுங்காக இருந்தால், சர்வரில் எதையும் தொடாமல் அவுட்லுக் புரொஃபைலைத்தான் (அந்தக் கணினியில் உள்ள கணக்கு அமைப்புகளின் தொகுப்பை) முதலில் சோதிக்க வேண்டும்.

இந்தச் சோதனையைச் செய்யாதவர்கள் இறுதியில் வந்து சேரும் இடம், பயனரின் அஞ்சல் பெட்டியை அழித்துவிட்டு அதே முகவரியில் புதிதாக ஒன்றை உருவாக்குவது. மிகவும் கெடுதலான தவறு இதுவே என்பது என் உறுதியான கருத்து. எக்ஸ்சேஞ்ச் தன் அமைப்புக்குள் அஞ்சலைக் கொண்டு சேர்க்க, நாம் கண்ணால் காணும் முகவரியை மட்டும் நம்புவதில்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் லெகசி எக்ஸ்சேஞ்ச் டிஎன் என்ற உள் அடையாளம் ஒன்றை வைத்திருக்கிறது. சக ஊழியர்களின் அவுட்லுக்கில் பெயரைத் தட்டியதும் தானாக வந்து நிற்கும் பட்டியலிலும், பழைய அஞ்சல்களின் அனுப்புநர் விவரத்திலும், காலண்டரில் உள்ள கூட்ட அழைப்புகளிலும் பதிவாகியிருப்பது அந்த அடையாளந்தான். புதிய பெட்டிக்குப் புதிய அடையாளம் கிடைப்பதால், வெளியிலிருந்து வரும் அஞ்சல்கள் தடையின்றி வந்து சேர, அடுத்த மேசையில் இருப்பவர் அனுப்பும் அஞ்சல் மட்டும் 5.1.1 என்ற பிழை எண்ணுடன் திரும்பிவிடும்.

அப்போது எல்லோரையும் அந்தப் பெயர்ப் பட்டியலை நீக்கச் சொல்வது அரைகுறைத் தீர்வு. பழைய அஞ்சலுக்குப் பதில் எழுதுபவருக்கு அதே பிழை மீண்டும் வரும். திரும்பி வந்த அறிவிப்பில் ‘ஐஎம்சிஇஏஇஎக்ஸ்’ (IMCEAEX) என்று தொடங்கும் நீண்ட வரியிலேயே பழைய அடையாளம் இருக்கிறது. அந்த முன்னொட்டையும் கடைசியில் உள்ள டொமைன் பெயரையும் நீக்கி, அடிக்கோடுகளைச் சாய்கோடுகளாகவும், +20 என்பதை இடைவெளியாகவும், +28, +29 ஆகியவற்றை அடைப்புக்குறிகளாகவும் மாற்றி, கிடைக்கும் வரியைப் புதிய பெட்டிக்கு எக்ஸ்500 (X500) வகை முகவரியாக, அதாவது உள் அடையாளத்தைத் தாங்கும் கூடுதல் முகவரியாகச் சேர்த்தால், யாருடைய கணினியையும் தொடாமலே சிக்கல் தீர்ந்துவிடும்.

பெட்டியை நீக்குவதிலும் இரண்டு வகை உண்டு. ‘டிசேபிள்’ செய்தால் அஞ்சல் பெட்டி மட்டும் பிரிக்கப்பட்டு, ஆக்டிவ் டைரக்டரியில் (அலுவலகத்தின் விண்டோஸ் கணக்குகளைப் பதிந்து வைக்கும் அமைப்பில்) உள்ள பயனர் கணக்கு அப்படியே இருக்கும். ‘ரிமூவ்’ செய்தால் அந்தக் கணக்கும் சேர்ந்து போய்விடும், அதனுடன் கோப்புறைகளுக்கும் பிரிண்டர்களுக்கும் அவருக்கு இருந்த அனுமதிகளும் போய்விடும். அதே பெயரில் மீண்டும் கணக்கு தொடங்கினாலும் அந்த அனுமதிகள் திரும்புவதில்லை, ஏனெனில் விண்டோஸ் அனுமதிகளைப் பெயருடன் இணைப்பதில்லை. தவறு நடந்துவிட்டால் பதறிப் புதிய பெட்டி திறக்க வேண்டாம். பிரிக்கப்பட்ட பெட்டியை எக்ஸ்சேஞ்ச் வழக்கமாக 30 நாட்கள் வைத்திருக்கும், அதற்குள் மீண்டும் இணைத்துவிடலாம்.

அடுத்தது பொறுமையின்மை. அஞ்சல் பெட்டியின் கொள்ளளவை மாற்றினால் அது நடைமுறைக்கு வர இரண்டு மணி நேரம் வரை ஆகலாம். எக்ஸ்சேஞ்ச் 2016-இல் ஆஃப்லைன் முகவரிப் புத்தகம் (அவுட்லுக் தன் கணினியில் வைத்துக்கொள்ளும் அலுவலக முகவரிப் பட்டியல்) 8 மணி நேரத்துக்கு ஒருமுறை உருவாகிறது. அவுட்லுக் அதை நாளுக்கு ஒருமுறைதான் இறக்கிக்கொள்கிறது. புதிய ஊழியரின் பெயர் பிரவுசரில் தெரிந்து அவுட்லுக்கில் தெரியாமலிருந்தால் அது பிழையல்ல. இந்த இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு மாற்றங்களைச் செய்தவருக்கு, எது பலித்தது என்று பிறகு ஒருபோதும் தெரியப்போவதில்லை. முழு அணுகல் அனுமதி கொடுத்தும் அஞ்சல் அனுப்ப முடியவில்லையே என்று காத்திருப்பது மட்டும் வீண்: அந்த அனுமதி பெட்டியைத் திறந்து கையாள்வதற்கு உரியது, அந்தப் பெட்டியின் பெயரில் அனுப்ப ‘சென்ட் ஆஸ்’ அனுமதியைத் தனியாகக் கொடுக்க வேண்டும்.

கணக்கு அடிக்கடி பூட்டிக்கொள்கிறது என்றால், ஒவ்வொரு முறையும் திறந்துவிடுவதும் பாஸ்வேர்டை மாற்றித் தருவதும் நிலைமையை மோசமாக்கவே செய்யும். உள்நுழைவுகளைச் சரிபார்க்கும் சர்வரான டொமைன் கண்ட்ரோலரின் பாதுகாப்புப் பதிவேட்டில் 4740 என்ற நிகழ்வு, பூட்டியதற்குக் காரணமான கணினியின் பெயரைக் காட்டும். அங்கே எக்ஸ்சேஞ்ச் சர்வரின் பெயரே இருந்தால், பயனரின் பழைய கைபேசியோ வீட்டிலுள்ள டேப்லெட்டோ பழைய பாஸ்வேர்டுடன் அதன் வழியாக முயன்றுகொண்டிருக்க வாய்ப்பு அதிகம்; எந்தக் கருவி என்பதை அந்தச் சர்வரின் ஐஐஎஸ் (விண்டோஸ் வெப் சர்வர்) பதிவுகளில் பார்க்கலாம்.

கணினியில் அஞ்சல் வருகிறது, புதிய கைபேசியில் மட்டும் இணைய மறுக்கிறது என்ற புகாருக்குப் பின்னால், எப்போதோ ஒரு வேலைக்காக அந்தப் பயனரை நிர்வாகிகள் குழுவில் சேர்த்த கதை பல முறை இருக்கும். இது போன்ற பாதுகாக்கப்பட்ட குழுக்களின் உறுப்பினர்களுக்கு, டைரக்டரியின் மேலடுக்கிலிருந்து வரும் அனுமதிகளை ஆக்டிவ் டைரக்டரி துண்டித்துவிடுகிறது. கைபேசியைப் பதிவுசெய்ய எக்ஸ்சேஞ்சுக்குத் தேவையான உரிமையும் அதில் அடிபடுகிறது. குழுவிலிருந்து நீக்கினாலும் அந்தத் துண்டிப்பு தானாக அகலாது, கையால் மீட்க வேண்டும். குழுவில் இருக்கும்போதே மீட்டால் ஒரு மணி நேரத்துக்குள் மறுபடியும் துண்டிக்கப்படும். நிர்வாகப் பணிக்கு ஒரு கணக்கு, அஞ்சலுக்கு வேறொரு கணக்கு என்று பிரித்து வைப்பதே சரியான ஏற்பாடு.

எந்த மாற்றத்துக்கும் முன்பு, அந்தப் பயனரின் எல்லா முகவரிகளையும், உள் அடையாளத்தையும், அனுமதிகளையும் பவர்ஷெல் (விண்டோஸின் கட்டளைக் கருவி) மூலம் ஒரு கோப்பில் எடுத்துவையுங்கள். சில நிமிட வேலைதான். மேலே சொன்ன எக்ஸ்500 வரியைப் பிழை அறிவிப்பிலிருந்து எழுத்தெழுத்தாகப் பிரித்தெடுக்கும் தேவையே அப்போது இருக்காது.