கிரெஸ்டட் கெக்கோ கூண்டு: ஈரப்பதம் சரியான விதம்

கிரெஸ்டட் கெக்கோ என்ற பல்லியை வளர்க்கும் என் கூண்டு 45×45×60 செ.மீ. பல்லியின் விரல் நுனியில் தோல் உரியாமல் ஒட்டியது, மண்ணிலோ பூஞ்சை. நீர் அடியில் தேங்க, ஈரக்காற்று வலை மூடி வழியே வெளியேறியதுதான் காரணம்.

மண்ணை அள்ளிவிட்டு, அடியில் நீர் வடிய 5 செ.மீ. சுட்ட களிமண் உருண்டைகள், மேலே நைலான் வலை, அதன்மேல் 8 செ.மீ. தேங்காய் நார்த்தூள் கலந்த மண் போட்டேன். மூடியில் பாதியை மட்டும் அக்ரிலிக் தகட்டால் மறைத்தேன். முழுவதும் மறைத்தால் பூஞ்சை திரும்பிவிடும்!

இது இரவில் நடமாடும் பல்லி. அதனால் விளக்கணைந்ததும் இலைகள் சொட்டும்வரை தெளிக்கிறேன். ஈரப்பதம் 80% ஏறி, பகலில் 50% வரை இறங்க வேண்டும். முள் வைத்த ஈரப்பதமானிகளை நம்பாதீர்கள். டிஜிட்டல் மானியின் உணரியைக் கூண்டின் நடு உயரத்தில் தொங்கவிடுங்கள். வெப்பம் 22–26 டிகிரி செல்சியஸ் போதும், 28-ஐத் தாண்டினால் பல்லி சோர்ந்துபோகும்.