தெரியாத ரிமோட்டின் சிக்னலைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சித்திரை மாதத்து வேலூரில் ஏசி ரிமோட் பழுதானால் வீடே அதைப் பற்றித்தான் பேசும். காட்பாடி காந்தி நகரில் உறவினர் ஒருவரின் பழைய ஏசி ரிமோட்டில் பொத்தான்கள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கத் தொடங்கியபோது, மற்றவையும் போவதற்குள் அதன் அகச்சிவப்பு சிக்னலைப் பதிவு செய்து, ஒரு சிறு மைக்ரோகண்ட்ரோலரிலிருந்து (நிரல் எழுதி இயக்கும் சில்லு) அனுப்பிவிடலாம் என்று இறங்கினேன். ஒரு மாலை வேலை என்று நினைத்தது இரண்டு வாரம் இழுத்ததற்கு என் முன்முடிவுகளே காரணம்.

அதை டிவி ரிமோட்டைப் போல எண்ணியதுதான் பெரிய தவறு. டிவி ரிமோட்டில் பொத்தானுக்கு ஒரு குறியீடு உண்டு. ஏசி ரிமோட்டோ, எதை அழுத்தினாலும், பெரும்பாலும் வெப்பநிலை, மின்விசிறி வேகம், இயக்க முறை அனைத்தையும் சேர்த்து ஒரே நீண்ட செய்தியாக அனுப்பும். வெப்பநிலையைக் கூட்டும் பொத்தானின் சிக்னல் என்று நான் பதிந்து வைத்தது, உண்மையில் ‘25 டிகிரி, குளிர்விப்பு, நடுத்தர வேகம்’ என்ற முழு உத்தரவு. எத்தனை முறை அனுப்பினாலும் ஏசி 25-ஐ விட்டு நகரவில்லை.

தொடக்கத்தில் 9 மில்லி நொடித் துடிப்பும் (ஒளி வரும் நேரம்) 4.5 மில்லி நொடி இடைவெளியும் (ஒளி இல்லாத நேரம்) தெரிந்தவுடன், பல ரிமோட்டுகள் பின்பற்றும் ‘என்ஈசி’ நெறிமுறை என்று முடிவு கட்டுவதும் தவறு. என்ஈசி 32 பிட்டுகளோடு (0 அல்லது 1 என்ற இலக்கங்கள்) முடிந்துவிடும். அதே தொடக்கத்தை வைத்துக்கொண்டு அதற்கு மேலும் நீளும் செய்திகள் உள்ளன. பதிவு செய்யும் நிரலில் நினைவிடம் போதாவிட்டால் வால்பகுதி சத்தமில்லாமல் வெட்டுப்படும் என்பதால், ஒவ்வொரு பதிவிலும் பிட்டுகளின் எண்ணிக்கையை முதலில் சரிபார்ப்பது நல்லது.

பிட்டுகளின் வரிசையில்தான் எனக்கு அதிக நேரம் போயிற்று. 24, 25, 26, 27 டிகிரிகளைப் பதிந்து மாற்றம் தெரிந்த இடத்தில் நான்கு பிட்டுகளை மட்டும் பார்த்தபோது 0001, 1001, 0101, 1101 என வந்தன. எண்ணாக்கினால் 1, 9, 5, 13. ஏதோ மறைகுறியாக்கம் என்று மிரண்டு போனேன். கடைசி பிட்டை முதலில் அனுப்பும் வழக்கம் நினைவுக்கு வந்து, ஒவ்வொன்றையும் திருப்பிப் போட்டதும் 8, 9, 10, 11 என்று ஒழுங்காக நின்றன. வெப்பநிலையிலிருந்து 16-ஐக் கழித்த எண்கள்! ஒரு நேரத்தில் ஓர் அமைப்பை மட்டும் மாற்றிப் பதிந்ததால்தான் இது புலப்பட்டது. அப்போதும் கடைசியில் வேறு சில பிட்டுகள் கூடவே மாறின. அவை சரிபார்ப்புத் தொகை, அதாவது செய்தி பிழையின்றி வந்ததா என்று ஏசி சோதிக்க உதவும் எண். அதைத் திரும்பக் கணக்கிடாமல் வெப்பநிலையை மட்டும் மாற்றி அனுப்பினால் ஏசி வாயே திறக்காது.

ரிமோட்டின் ஒளியைப் பிடித்துத் தரும் ரிசீவர் காட்டும் நேர அளவுகளை அப்படியே நம்பவும் கூடாது. அது துடிப்பைச் சற்று நீட்டி, இடைவெளியை அந்த அளவுக்குக் குறைத்துக் காட்டும். 560 மைக்ரோ நொடி 650 ஆகத் தெரியலாம். சிக்னல் வரும்போது ரிசீவரின் வெளியீட்டு மின்னழுத்தம் தாழும் என்பதை மறந்தால் துடிப்பும் இடைவெளியும் இடம் மாறிவிடும். நம் ஊர் வெயில் நேரே விழும் வராந்தாவில் உட்கார்ந்து பதியவே பதியாதீர்கள். சூரிய ஒளியிலேயே அகச்சிவப்பு ஏராளம்.

பிலிப்ஸின் ஆர்சி-5 போன்ற நெறிமுறைகளில் ஒரே பொத்தான் அடுத்தடுத்த அழுத்தங்களில் இரண்டு குறியீடுகளை மாறி மாறித் தரும். அது பழுதல்ல, அழுத்தத்துக்கு அழுத்தம் மாறும் ஒரு பிட்.

ரிசீவர் ஊர்தி அலையை (ஒவ்வொரு துடிப்புக்குள்ளும் ஒளி வேகமாக எரிந்து அணையும் அலை) நீக்கிவிட்டே சிக்னலைத் தருவதால், அதன் அதிர்வெண் பதிவில் இருக்காது. 38 கிலோஹெர்ட்ஸ் பரவலானது. ஆர்சி-5 36-ஐயும், சோனி 40-ஐயும் பயன்படுத்துகின்றன. சற்றுத் தவறினாலும் அருகில் வேலை செய்யும், தூரம்தான் குறையும். ஏசிக்கு நேர்கீழே நின்றால் கேட்கிறது, கட்டிலிலிருந்து கேட்கவில்லை என்றால், பிட்டுகளைக் கலைப்பதற்கு முன் அதிர்வெண்ணை மாற்றிப் பாருங்கள்.